ஆறு கார்கள் மட்டும் ஓடிய ரேஸ்... தென்காசி டயர் கடையில் இன்னும் முடியாத விவாதம்!

தென்காசிப் பக்கம் 'சீசன்' என்றால் ஒரே அர்த்தம்தான். ஜூன் மாதம் தென்மேற்குக் காற்று மலை இடுக்கு வழியாக இறங்கி, முகத்தில் சாரல் அடிக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கு திரும்பினாலும் ஈரத்துண்டோடு கூட்டம். லாட்ஜ், பழக்கடை, பரோட்டா கடை என ஊரே மூன்று மாதத்துக்கு உட்கார நேரமில்லாமல் ஓடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் டயர் கடை வைத்திருக்கும் ஓர் அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் 'சீசன்' என்றால் இன்னொன்றும் ஞாபகம் வரும். 2005-ம் வருட ஃபார்முலா ஒன் சீசன்.

அந்த வருடம் மார்ச் மாதம் மெல்போர்னில், ஜோர்டான் அணியின் காரில் உட்கார்ந்தார் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 1977-ம் வருடம் பொங்கல் நாளில் பிறந்த கோயம்புத்தூர் வீட்டுப் பிள்ளை. அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி வீரர். அதே கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார் செய்து காட்டியவர். அந்த வகைக் காரில் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் பழகித்தான் நரேன் வெளிநாட்டுக்குப் போனார். 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு விண்டர் சீரிஸ், 1996-ல் ஃபார்முலா ஏசியா எனப் பட்டங்கள் வாங்கினார்.

தென்காசி டயர் கடைக்காரரின் மகனுக்கு அப்போது 13 வயது. பேப்பரில் வந்த நரேன் படங்களை வெட்டி, கடைச் சுவரில் டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். "ரேஸ் கார் படம் ஒட்டினா பஞ்சர் ஒட்ட ஆளு வருமால?" என்று அப்பா கிண்டல் செய்வார். ஆனால், கிழித்துப் போடவில்லை.

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பந்தயம். நம் ஊரில் நள்ளிரவை நெருங்கும் நேரம். சீசன் வேலை முடித்துக் களைத்து வந்த அப்பாவும், தூங்க மறுத்த மகனும் டி.வி முன்னால் உட்கார்ந்தார்கள்.

இண்டியானாபொலிஸ் சாதாரண டிராக் அல்ல. சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்துக்கு அமெரிக்காவில் அதுதான் கோயில் மாதிரி. நான்கு கிலோமீட்டர் நீள்வட்டத்தை 200 முறை சுற்றும் 'இண்டி 500' பந்தயம் 1911-லிருந்து அங்கே நடக்கிறது. ஃபார்முலா ஒன்னுக்கும் அந்த நீள்வட்டத்தின் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு வளைவு, வெளிப்பக்கம் உயர்ந்து சரிவாக இருக்கும். அங்கே முழு வேகத்தில் போகும்போது டயர் மீது விழும் பாரம் சாதாரணமானது அல்ல.

வெள்ளிக்கிழமை பயிற்சியில், அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடது பின்பக்க டயர் போய், கார் சுவரில் மோதியது. அது மிஷெலின் டயர். அந்த சீசனில் இன்னொரு விதியும் இருந்தது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். வழக்கம்போல நடுவில் மாற்ற முடியாது. 'இந்த டயரில் அந்த வளைவை இதே வேகத்தில் எடுத்தால் பாதுகாப்புக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது' என்று மிஷெலினே அணிகளிடம் சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு தடுப்பு வளைவு போடலாம் என்று கேட்டார்கள். விதியை மாற்ற முடியாது என்று சர்வதேச அமைப்பு மறுத்துவிட்டது.

பந்தயத்துக்கு முன்னால் 20 கார்களும் ஒரு சுற்று வந்தன. அது முடிந்ததும், மிஷெலின் டயர் போட்ட ஏழு அணிகளின் 14 கார்களும் வரிசையாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மைதானத்தில் நின்றவை ஆறே கார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் கார்கள் அவை. காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தியது. பாட்டில்கள் டிராக்கில் வந்து விழுந்தன.

மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிகெல்லோ இரண்டாமிடம். ஜோர்டானின் மான்டீரோ மூன்றாமிடம். நான்காவதாக வந்தார் நரேன். ஐந்து பாயின்ட். ஃபார்முலா ஒன்னில் இந்திய வீரர் ஒருவர் எடுத்த முதல் பாயின்ட்கள் அவை. அதற்குப் பிறகு கருண் சந்தோக் வந்தார், நரேனே மறுபடி வந்தார். ஆனாலும், இந்திய வீரர் கணக்கில் இன்றுவரை இருப்பது அந்த ஐந்து மட்டும்தான்.

அன்று ராத்திரி தொடங்கிய விவாதம் அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

"14 பேரும் பயந்துட்டாங்கப்பா. எல்லாரும் ஓடியிருந்தா நரேன் நாலாவது வந்திருப்பாரா?" என்றான் மகன்.

"வந்திருக்க மாட்டாரு. அதுக்காவ? 72 சுத்து ஒரே டயர்ல ஓட்டி முடிச்சிருக்காருல்லா, அது சும்மாவா? பயந்துட்டாங்கன்னு சொல்லாதல. டயர் செஞ்சவனே ஓடாதன்னு சொல்லுதான். அதுக்கு மேல எவன் வந்து சொல்லணும்?"

மகன் வளர்ந்தார். டிப்ளோமா முடித்து, ரேஸ் அணியில் மெக்கானிக் ஆகவேண்டும் என்று கொஞ்ச நாள் கோவைப் பக்கம் போய் வந்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி ஜாக்கி தூக்க முடியாமல் போனதும், திரும்பி வந்து கடையில் நின்றார். இப்போது முப்பதுகளில் இருக்கிறார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன சீசனில் ஒரு நாள், பொழுது சாயும் நேரம். குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கொல்லம் திரும்பும் ஒரு குடும்பத்தோடு வேன் ஒன்று வந்து நின்றது. பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால், பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீக்கம். ஸ்டெப்னியோ முழு மொட்டை.

"அண்ணாச்சி, ஒரு பேட்ச் போட்டு விடுங்க. கொல்லம் போய் மாத்திக்கிடுதேன்" என்றார் டிரைவர்.

"பஞ்சர்னா போட்டுருவேன். இது உள்ள நூலு அத்துட்டு. பேட்ச் நிக்காது. புளியரை வளைவுல இத நம்பி ஏறாதீங்க."

வேன் முதலாளிக்கு போன் போனது. புது டயருக்கு அவர் சம்மதிக்கவில்லை. கடைக்காரர் நேராக வேனில் இருந்த பெரியவரிடம் போய், "ஐயா, இந்த டயரோட மலைக்குப் போவாதீங்க" என்று சொல்லிவிட்டார். குடும்பம் இறங்கிக்கொண்டது. ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். வாடகை போன கோபத்தில் டிரைவர் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த முதலாளிக்கு நான்கு வேன்கள். நான்குக்கும் வேலை இந்தக் கடையில்தான். அன்றோடு நின்றுபோனது. சீசன் வருமானத்தில் அது பெரிய துண்டு.

"அந்தப் பெரியவருட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல..." என்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவே முனகினார்.

"டயர்காரன் ஓடாதன்னு சொன்னா அதுக்கு மேல எவன் வந்து சொல்லணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டு முடித்தார்.

அந்த டயர் வழியில் வெடித்திருக்குமா? யாருக்கும் தெரியாது. இண்டியானாபொலிஸில் அந்த 14 கார்களும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் தெரியாது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் 'வேண்டாம்' என்று சொல்கிறவருக்குத் திட்டு மட்டும் கிடைக்கிறது. மிஷெலின் பிறகு ரசிகர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பழைய பெயர் அதற்குள் கெட்டுவிட்டது.

குற்றாலத்திலும் இதைப் பார்க்கலாம். அருவியில் தண்ணீர் கூடியதும் குளிக்கத் தடை போடுவார்கள். தலையில் எண்ணெயோடு வந்தவர்கள் போலீஸிடம் சண்டை போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதன் பிறகு விசில் சத்தத்துக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

மலைப்பாதையில் போகிறவர்களுக்கு டயர் கடைக்காரர் சொல்வது இரண்டே விஷயங்கள். ஒன்று, டயரின் பக்கவாட்டைக் கையால் தடவிப் பாருங்கள். வீக்கமோ வெடிப்போ இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு, அங்கே நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். '2319' என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்பக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

நான்கு வேன்களும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால், அந்த வேன் டிரைவர் மட்டும் ஒரு நாள் தன் சொந்த பைக்கோடு வந்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை. "பின் டயரைக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடுத வண்டி" என்றார்.