தாளம் எங்கே தப்புகிறது?

பாட்டுக்கு ஏற்றபடி திரையில் வரும் வட்டங்களைச் சரியான நேரத்தில் தட்ட வேண்டும். ரிதம் கேம் என்றால் இவ்வளவுதான். டீன் ஹெர்பர்ட் என்ற ஆஸ்திரேலியர் 2007-ல் வெளியிட்ட 'ஓசு!' விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. எந்தப் பாட்டுக்கு எங்கே வட்டம் வரும் என்பதை அமைப்பதே விளையாடுகிறவர்கள்தான். அப்படி அமைத்ததற்கு பீட்மேப் என்று பெயர். வட்டங்களை அடுக்குவதில் ஆளுக்கொரு ரசனை இருக்கலாம். டைமிங்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சரி அல்லது தப்பு, அவ்வளவே!

டைமிங்குக்கு முக்கியமாக இரண்டு எண்கள். நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது பிபிஎம். ஃபைல் தொடங்கி எத்தனையாவது மில்லிசெகண்டில் முதல் பீட் விழுகிறது என்பது ஆஃப்செட்.

புதிதாக மேப் செய்கிறவர்கள் பாட்டை ஓடவிட்டு, கீபோர்டில் தாளம் தட்டி பிபிஎம் கண்டுபிடிப்பார்கள். 179.9 என்று வரும். உண்மையில் அது 180. "0.1 தானே, போகட்டும்" என்று விட்டால் என்ன ஆகும்? 180-ல் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 333.33 மில்லிசெகண்ட். 179.9-ல் 333.52. வித்தியாசம் 0.2 கூட இல்லை. ஆனால் மூன்று நிமிடப் பாட்டில் 540 பீட்கள்! கூட்டு வட்டிகூட வேண்டாம், தனி வட்டியிலேயே கடைசியில் 100 மில்லிசெகண்ட் சேர்ந்துவிடும். கடினம் 8 என்று வைத்த மேப்பில் முழு 300 மார்க் வாங்க, முன்னே பின்னே 32 மில்லிசெகண்டுக்குள் தட்டியாக வேண்டும். 100 தள்ளிப்போனால் கிடைப்பது வெறும் 50. பாட்டை ஒழுங்காகக் கேட்டுத் தட்டியவனுக்கு இந்தத் தண்டனை! அவனோ தன் விரலைத்தான் திட்டிக்கொள்வான்.

ஆஃப்செட் தப்பு வேறு ரகம். தொடக்கத்தில் 20 மில்லிசெகண்ட் என்றால் கடைசி வரை அதே 20தான். ஆகவே மெட்ரோனோமை ஓடவிட்டு, வேகத்தை 25 சதவீதமாகக் குறைத்து, பாட்டின் ஆரம்பத்தையும் முடிவையும் கேட்க வேண்டும். ஆரம்பம் சரியாக இருந்து முடிவில் விலகினால் குற்றவாளி பிபிஎம். முழுக்க ஒரே அளவு விலகினால் ஆஃப்செட்.

தட்டிக் கண்டுபிடித்த ஆஃப்செட்டை நம்பவே கூடாது. தட்டும்போது ஸ்பீக்கரின் தாமதம், கீபோர்டின் தாமதம், ஆளின் தாமதம் எல்லாம் அதில் கலந்துவிடும். மெட்ரோனோமும் பாட்டும் ஒரே ஸ்பீக்கர் வழியாக வருவதால், காதால் ஒப்பிடும்போது இந்தத் தொல்லை பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

நண்பனிடம் இருக்கும் அதே பாட்டின் டைமிங்கை அப்படியே எடுத்துப் போடலாமே என்றால், அதிலும் ஒரு வில்லங்கம். எம்பி3 ஆக மாற்றும்போது பாட்டின் முன்னால் கொஞ்சம் மௌனம் சேர்கிறது. லேம் என்கோடரில் மாற்றி, பிறகு டீகோட் செய்தால் சுமார் 25 மில்லிசெகண்ட் வரை தள்ளிப்போகலாம். பாட்டு ஒன்றுதான், ஃபைல் வேறு! அதனால் ஃபைலை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எண்களைத் தொட வேண்டும். நூற்றுக்கணக்கில் வட்டம் வைத்த பிறகு மாற்றினால் மொத்தத்தையும் நகர்த்த நேரிடும்.

கம்ப்யூட்டரில் செய்த பாட்டுக்கு ஒரு பிபிஎம் போதும். மெட்ரோனோம் இல்லாமல் ஆள் உட்கார்ந்து டிரம் வாசித்த பழைய ராக் பாட்டு என்றால் கோரஸில் வேகம் ஏறும், பிறகு இறங்கும். அங்கே சில பார்களுக்கு ஒருமுறை புதிய டைமிங் பாயிண்ட் வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரே பாட்டுக்கு ஒரு ராத்திரி காலி!