டார்ச் பிடித்தவள்

அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். தம்பி ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். நான் டார்ச் பிடிப்பேன். வெளிச்சம் கொஞ்சம் விலகினாலும் திட்டு விழும். எதைக் கழற்றுகிறார், ஏன் கழற்றுகிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அது 1978ஆம் வருட அம்பாசடர். கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் கல்யாணம், பிரசவம், சாவு என்று அப்பா வாடகைக்கு ஓட்டியது. அவர் போன பிறகு கொல்லைக் கொட்டகையில் நின்றது. ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் இரவுக்குள் மண்ணில் இறங்கிவிடும். “ரேடியேட்டரே போச்சு, புதுசுதான் போடணும்” என்றார் பார்க்க வந்த மெக்கானிக். “பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரலாம்க்கா” என்றான் தம்பி. அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் வண்டியின் மேல் தன் பழைய சேலையைப் போர்த்தியிருந்தார்.

எனக்கு வண்டி புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைக்குப் போகிற பெண்களும் பெடல் மிதித்த அந்த நாட்களில்தான் நானும் முழங்கால் தோல் உரியக் கற்றேன். ஆனால் செயின் கழன்றால் தம்பியைத்தான் கூப்பிட்டேன். பிறகு ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. பழுதானால் போன் செய்ய எப்போதும் ஓர் ஆணின் எண் கையில் இருந்தது. ஓட்டுவது என் உரிமை என்று சண்டை போட்டவள், ஸ்பேனரைக் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே குனிந்தேன். ரேடியேட்டரைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். கீழே செய்தித்தாள் விரித்துக் காத்திருந்தேன். மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருக்க, அடித்தொட்டியில் தண்ணீரை வடிக்கிற பிளக்கிலிருந்து மட்டும் சொட்டியது. மரை தேய்ந்திருந்தது. போனது ரேடியேட்டர் இல்லை, கட்டைவிரல் அளவுப் பித்தளைத் திருகு.

அதைக் கழற்ற எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மேல்மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிளக் உட்காரும் வளையம் தொட்டியோடு ஈயப்பற்றால்தான் ஒட்டியிருக்கிறது. முரட்டுத்தனமாகத் திருகினால் வளையமே பிய்ந்துவிடும். அதனால் ஒரு ஸ்பேனரால் வளையத்தை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் திருக வேண்டும். எனக்கு மூன்றாவது கை இல்லை. அம்மாவிடம் டார்ச்சைக் கொடுத்தேன்.

வெளிச்சம் விலகியது. “நேரா பிடிம்மா” என்று என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. திகைத்துப்போய் நிறுத்தினேன். பிறகு அவரைப் பக்கத்தில் குனியச் சொல்லி, எது தொட்டி, எது வளையம், எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். “நாப்பது வருஷம் இந்த மனுசன் இதச் சொல்லவே இல்லையே” என்றார் அம்மா.

கழற்றிய பிளக்கைக் கையோடு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். பழைய அம்பாசடரின் மரை அங்குலக் கணக்கு. இன்றைய மில்லிமீட்டர் பிளக் அதில் ஏறாது. “வண்டிக்காரர வரச் சொல்லும்மா” என்றார் கடைக்காரர். “வண்டிக்காரி நான்தான்” என்றேன். பித்தளையிலேயே ஒன்று கிடைத்தது. மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி, கையால் முடிந்தவரை ஏற்றி, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் இறுக்கினேன்.

1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவருக்குத் தெரியாமல் அவருடைய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார். வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றினார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்தில் ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் ஒரு பெண்தான். அந்தக் கதையை நான் ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் செய்தித்தாள் காய்ந்திருந்தது. அடுத்த வாரம் வந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “யாருக்கா போட்டது?” என்றான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா தொடங்கிவிட்டார்: “அதுக்கு ரெண்டு ஸ்பேனர் வேணும்டா. உக்காரு, சொல்றேன்.”