பழைய கொம்பியூட்டர் அனுப்ப நினைப்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களாக உள்பெட்டிக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "சேர், எங்கட ஒபிசில கொம்பியூட்டர் எல்லாம் மாத்துறாங்க. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?" காரணம் தெரிந்ததுதான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்காது. அதனால் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிற கொம்பியூட்டர்கள்கூட அலுவலகங்களிலிருந்து வெளியே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில், தேவை இருக்கிறதா என்ற கேள்வி. இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது எங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படித்தார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வாப்பா தொழிலுக்குக் கொண்டுபோன பிறகு இரவில்தான் கைக்கு வரும். 2022 இல் ரூபாய் விழுந்தபோது புதுக் கொம்பியூட்டர் என்பது எங்கள் பெற்றோரின் கணக்கிலிருந்தே போய்விட்டது. ஆனால் உயர்தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில்தான். போனில் படம் பார்க்கலாம், குரல் அனுப்பலாம். அட்டவணை போடவும் பத்துப் பக்கத்தில் ஒரு ஒப்படை எழுதவும் விசைப்பலகை வேண்டும்.

சனிக்கிழமைகளில் லுஹருக்குப் பிறகு நாங்கள் சிலர் கூடுகிறோம். நான், பௌதிகவியல் படிப்பிக்கும் ஒரு நண்பர், பழைய மாணவர்கள் இருவர். நிறுவனம், பதிவு, பதாகை எதுவும் கிடையாது. ஒரு மேசை, ஒரு தூரிகை, ஒரு திருகாணிச் செட்.

வருகிற இயந்திரங்களில் பாதிக்கு மேல் பெரிய வியாதி இல்லை. ஆன் ஆகாத கொம்பியூட்டரில் ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டால் பல நேரம் உயிர் வந்துவிடும். எங்கள் உப்புக்காற்று செய்யும் வேலை அது. இணையத்தளம் எதைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று சொன்னால் முதலில் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு மாதிரி பற்றரி செத்திருந்தால் கடிகாரம் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குப் பிழையாகத் தெரியும். கடையில் ஒரு பற்றரி வாங்கிப் போட்டால் விஷயம் முடிந்தது. புரொசஸரின் மேல் காய்ந்து போன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் சூடு குறையும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் ஆமை முயலாகும்.

பிறகு லினக்ஸ். மின்ட் அல்லது லுபுண்டு போடுகிறோம். 4 ஜிபி ரேம் இருந்தால் எழுத, அட்டவணை போட, பாடம் பார்க்கத் தாராளமாகப் போதும். தமிழ் யுனிகோட் விசைப்பலகையை நாங்களே அமைத்துக் கொடுக்கிறோம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வருவதைக் காட்டி, ஏன் யுனிகோட் என்று விளங்கப்படுத்துவது என் முதல் பாடம்.

எங்கள் மாணவர்கள் சிலரின் வாப்பாமார் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர்கள். அவர்களிடம் கொம்பியூட்டர் நிறுவைக்கு வருகிறது. இரும்பு தனி, செம்பு தனி, பச்சைப் பலகை தனி. ஒரு பையன் ஓ.எல். எழுதிவிட்டுப் படிப்பை விட்டு வாப்பாவோடு லாண்ட்மாஸ்டரில் போகத் தொடங்கினான். ஒரு நாள் பையில் ஏழெட்டு ரேம்களோடு வந்து, "சேர், இது வேல செய்யுமா?" என்று கேட்டான். ஐந்து வேலை செய்தன. அதிலிருந்து குவியலைக் கிலோவுக்குக் கொடுக்க முன் அவன் ஒரு தடவை பார்ப்பான். இப்போது ஒரு போன் திருத்தும் கடையில் வேலை பழகுகிறான். பகுதிநேரமாக ஒரு கற்கைநெறிக்கும் விண்ணப்பித்திருக்கிறான். உலகம் 2022 இல் மட்டும் 62 மில்லியன் தொன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 வீதம்தான் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் ஐ.நா.வின் 2024 அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை வகுப்பில் சொன்னபோது இந்தத் தொழில் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

திருத்திப் பாவிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதையும், ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும் பௌதிகவியல் நண்பர் கதை கதையாகச் சொல்வார். அந்தக் கதைகளை நான் கேட்கத்தான் முடியும். 1990 ஒக்டோபர் 30 இல் சோனகத்தெருவிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் எங்களை வெளியேற்றினார்கள். அந்த வருடங்களில் நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். அங்கேயும் ஒரு பொருளை இரண்டு மூன்று வீடுகள் பாவித்தன. இன்று நாங்கள் இருவரும் ஒரே மேசையில் ஒரே பெட்டியைத் திறக்கிறோம். அவர் முன்னால் இதைச் சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கேயும் எழுதுகிறேன். பிள்ளைகளின் பட்டியலிலும் சமயம் பார்ப்பதில்லை.

பட்டியல்தான் எனக்கு நித்திரை வராத இடம். கேட்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூடக் கொடுக்க முடிவதில்லை. யார் ஏழை என்று தேடி வீடு வீடாகப் போய் விசாரிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஃப்ரீ கீக் என்ற அமைப்பில், குறிப்பிட்ட மணித்தியாலம் தொண்டாக வேலை செய்தவர் ஒரு கொம்பியூட்டரை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்ற வழக்கம் இருந்தது. அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். வந்து கழற்று, துடை, பூட்டு, இன்னொருவருக்கு ஒன்றைச் செய்து கொடு, அடுத்தது உனக்கு. போன தவணை ஒரு பிள்ளை தன்னுடையதைத் தானே பூட்டிக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் அவளுடைய உம்மா வந்து, "சேர், ராவு அது நிண்டு போச்சு, அவளே திறந்து சரிபண்ணிட்டா" என்றார். தேடி விசாரிக்கிற வேலையும் இதனால் குறைந்தது.

இனி அனுப்புகிறவர்களுக்கு.

ஒரு தடவை ஓர் அலுவலகத்திலிருந்து வந்தார்கள். மாலை, மேடை, படம். வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பெட்டியைத் திறந்தால் பாதிக்கு ஹார்ட் டிஸ்க் இல்லை, சிலவற்றுக்குத் தாய்ப்பலகையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கமாட்டாததைத் தர்மமாகக் கொடுக்கக் கூடாது என்றுதான் எங்கள் மார்க்கம் படிப்பிக்கிறது. எந்தச் சமயத்தவரும் இதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே, தயவு செய்து:

ஒருமுறை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேலை செய்யாவிட்டால் அப்படியே எழுதி ஒட்டுங்கள், உதிரிப்பாகத்துக்கு எடுப்போம். சார்ஜரையும் வயர்களையும் சேர்த்துக் கட்டுங்கள். மேசைக் கொம்பியூட்டரை விட லப்டொப் நல்லது, கரண்ட் பில் குறையும். உங்கள் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது, அழித்ததை மீட்டெடுக்க முடியும். டிஸ்க்கை முழுதாக மேலெழுதித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு அதையும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரிய பெட்டியைக் கப்பலில் போட வேண்டாம். கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஊருக்கு வரும்போது பையில் இரண்டு எஸ்.எஸ்.டி., நான்கு ரேம் கொண்டுவாருங்கள். இங்கே தூங்கிக்கொண்டிருக்கும் நான்கைந்து இயந்திரங்கள் எழும்பிவிடும், இன்ஷா அல்லாஹ்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் தரலாம். கொம்பியூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூசு தட்டவும் ஆள் வேண்டும். இப்போது அலுமாரியில் ஆறு பெட்டிகள் இருக்கின்றன, பட்டியலில் அதை விடப் பல மடங்கு பெயர்கள். உள்பெட்டிக்கு எழுதுங்கள்.