தாத்தாவின் கனடா லாரி

கதை எழுதிப் பிழைப்பவனிடம் லாரியைப் பற்றி யோசனை கேட்கிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். என் மாமா கேட்டார்.

"மாப்ளே, நீ நாலு ஊர் பார்த்தவன். வண்டியை எந்தப் பட்டறையில் விடலாம் என்று வந்து சொல்லிவிட்டுப் போ" என்றார். நாலு ஊர் பார்த்தவன் என்பது வாஸ்தவம். அவற்றில் இரண்டு ஊர்களில் பஸ் நிலையத்தை மட்டும் பார்த்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. போளூரில் இறங்கி, ஜவ்வாது மலைப் பஸ்ஸைப் பிடித்து, ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி பலாமரத்தடிக் கொட்டகையில் நின்றது. அம்மாவின் தகப்பனார் 1948-ல் சென்னைக்குப் போய், ராணுவத்தார் கழித்துப் போட்ட வண்டிகளின் ஏலத்தில் எடுத்து வந்த செவர்லே. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கனடா தேசத்துத் தொழிற்சாலைகள் நேச நாட்டுப் படைகளுக்காக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்து அனுப்பின. ஃபோர்டு கம்பெனியும் செவர்லே கம்பெனியும் போட்டியை மறந்து ஒரே மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு செய்த லாரிகள் அவற்றில் பெரும் பங்கு. வட ஆப்பிரிக்காவின் மணலிலும் பர்மாவின் சேற்றிலும் ஓடியவை. நாயின் முகம் மாதிரி சப்பையான மூக்கு. மேல்விளிம்பு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் முகப்புக் கண்ணாடி. ஆகாய விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் வெயில் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்களாம். மூக்கைக் குட்டையாக்கிவிட்டதால் இஞ்சின் டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவிலே வந்து உட்கார்ந்துகொண்டது. கீழ்நாட்டுச் சித்திரை வெயிலில் அந்த வண்டி ஓட்டுவது அடுப்பைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. ஆனால் மலையில், மார்கழிப் பனியில், அதே இஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு வர ஆட்கள் சண்டை போடுவார்களாம்.

சாமையும் புளியும் கடுக்காயும் மலையிலிருந்து இறங்கின; உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் ஏறின. பிரசவ வலி கண்ட பெண்களும் அதிலேதான் போளூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். 1963-ல் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று தாத்தா பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்ப்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினைப் போட்டார். 1986-ல் தாத்தா போனார். வண்டியும் நின்றது.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, கைக்கு வந்த பணத்தில் ஆறு லட்சத்தை இதற்கென்று எடுத்து வைத்திருந்தார். மாமி என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க மாமாவுக்குப் புத்தி சொல்லத்தான் வந்திருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன்.

முதலில் வந்தவர்கள் பட்டணத்துப் பட்டறைக்காரர்கள். பெயர் வேண்டாம். பழைய கார்களைப் புதுமணப்பெண் மாதிரி ஆக்கித் தருகிறவர்கள். கையில் படம் போட்ட புத்தகம், பேச்சில் தேன். பெர்க்கின்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு அசல் செவர்லே இஞ்சினை வெளிநாட்டிலிருந்து தருவிப்பார்களாம். தாத்தா ஆசாரியை வைத்து அடித்த மரப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு இரும்பில் ராணுவப் பெட்டி கட்டுவார்களாம். பச்சை வர்ணம், வெள்ளை எழுத்து, எல்லாம். மாமாவின் கண்கள் விரிந்தன. என் கண்களும் விரிந்தன என்பதை மறைப்பானேன்?

அவர்களுடன் வந்திருந்த பையன் பிரேக் டிரம்மைப் பார்ப்பதற்காக முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். மாமா வருஷா வருஷம் காற்றடித்து வைத்திருந்த சக்கரம் அது. ஸ்பானரை எடுத்து வெளிவட்டத்து நட்டில் மாட்டினான்.

"கையை எடுடா!"

கொட்டகை அதிர்ந்தது. கத்தியவர் மூலையில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர். மலைக்காரர். பதினாலு வயதில் தாத்தாவிடம் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, கடைசி நாள்வரை அந்த வண்டியோடு இருந்தவர். இப்போது எண்பதை நெருங்குகிறார்.

விஷயம் இதுதான். அந்த ராணுவச் சக்கரத்தின் இரும்பு ஒரே வட்டம் அல்ல. இரண்டு பாதிகளை வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்கியது. உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியிலிருந்து விடுவிக்கும். வெளிவட்டத்து நட்டுகள் இரண்டு பாதிகளையும் பிரித்துவிடும். டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் இரும்புப் பாதி சக்கராயுதம் மாதிரி கிளம்பும். எதிரே இருப்பவன் பிழைக்க மாட்டான். அதற்காகவே அந்த நட்டுகளுக்கு ராணுவத்தில் சிவப்பு வர்ணம் அடித்து வைப்பார்கள். எங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு எந்தக் காலத்திலோ துருவாகிவிட்டிருந்தது.

பையன் எழுந்து நின்று சிரித்தான். கை நடுங்கியது. பட்டறைக்காரர் புத்தகத்தை மூடாமலே, "அதெல்லாம் எங்கள் ஒர்க்ஷாப்பில் பார்த்துக்கொள்வோம்" என்றார். பெரியவர் மறுபடி சாக்கில் உட்கார்ந்து, "தம்பி, இவங்க வேணாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஆள் நாமக்கல் பக்கத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர். நல்ல மனிதர், கணக்கில் கெட்டி. புது முகப்பு, புது இஞ்சின், பவர் ஸ்டீயரிங், பின்னால் பதினாறு பேர் உட்கார நாற்காலிகள். கோடை விழாவுக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டலாம், போட்ட பணம் வந்துவிடும் என்றார். மாமி முதல் முறையாகக் கொட்டகைக்குள் வந்து கேட்டாள். ஆனால் கம்பெனியார் செய்த உருவத்தை மாற்றி ஓட்டக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும் அவர், "அப்படியும் ஓடுகிறதே சார்" என்றார். ஓடுகிறதுதான்.

அன்று இரவு மாமாவும் நானும் சட்டத்தைப் படித்தோம். ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்திருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு, தனி நம்பர். ஆனால் சட்டகத்திலோ உடலிலோ இஞ்சினிலோ மாற்றம் செய்யாமல் அசலாக இருக்கவேண்டும். வாடகைக்கு ஓட்டக் கூடாது.

"அப்படியானால் பெர்க்கின்ஸ்?" என்றார் மாமா.

பெர்க்கின்ஸ் இருந்தால் நம்பர் கிடைப்பது சந்தேகம். பெர்க்கின்ஸைக் கழற்றினால் அது தாத்தாவின் லாரியா என்பது சந்தேகம். கனடாவிலிருந்து வந்த இஞ்சின் பதினைந்து வருஷம்தான் எங்களுக்கு உழைத்தது. இது இருபத்துமூன்று வருஷம். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பட்டணத்தான் மரப் பெட்டியைப் பிரிக்கவேண்டும் என்றானே, பெரியவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பெரியவருடைய மூத்த மகன் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல. மலைப்பாதையில், வளைவு ஒன்றில் நிறுத்தி, அந்தப் பெட்டியில், சாமை மூட்டைகளுக்கு நடுவில். அதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். நாலு ஊர் பார்த்தவன்!

மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தது பெரியவர்தான். அடிவாரத்தில் டிராக்டர்களும் பழைய சிம்ப்சன் இஞ்சின்களும் பழுதுபார்க்கிற மேஸ்திரி. டிவிஎஸ் மொபெட்டில், பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தார். புத்தகம் எதுவும் இல்லை. வண்டியை இரண்டு தரம் சுற்றினார். அதே முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஸ்பானரைத் தொடவில்லை. வால்வு ஊசியைக் கழற்றினார். உஸ்ஸென்று காற்று இறங்கும்வரை பீடிகூடப் பற்றவைக்காமல் காத்திருந்தார். டயரைக் காலால் மிதித்துப் பார்த்தார். அப்புறம்தான் உள்வட்டத்து நட்டுக்குப் போனார். நான் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டறதுக்கா, நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்கா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஓட்டத்தான். ரோட்டில் விடுவார்களோ என்னவோ, நம் நிலத்திலாவது" என்றார் மாமா.

"அப்ப மொதல்ல நிக்கணும். பிரேக்கை முடிச்சுட்டு இஞ்சினைப் பத்திப் பேசலாம். மொத்தமா ஒரு தொகை சொன்னா அது பொய்."

பிரேக் சிலிண்டர்கள் அரித்துப் போயிருந்தன. கடையில் கிடைக்காது, பித்தளைக் குழல் செருகி லேத்தில் கடைய வேண்டும், ஒன்றைச் செய்து பார்த்த பிறகே மற்றதற்குப் பணம் என்றார். மரப் பெட்டியில் உளுத்த பலகைகள் மூன்று. அவற்றை மட்டும் மாற்றலாம் என்றார். எந்தப் பலகைகள் என்று பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மாமா பத்தாயிரம் முன்பணம் கொடுத்தார். மேஸ்திரி ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலிண்டரைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நேற்று மாமா பேசினார். முதல் சிலிண்டர் பொருந்திவிட்டதாம், எண்ணெய் கசியவில்லையாம். இரண்டாவதற்குப் பித்தளை வாங்க மேஸ்திரி வேலூர் போயிருக்கிறாராம். பெரியவர் தினமும் காலையில் வந்து, வெளிவட்டத்து நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாராம். மாமி டப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம்.