கல்லும் குப்பாவும் கிதாபும்

சென்ற ஷஅபானில் கீழக்கரை சென்றிருந்தேன். ளுஹர் தொழுகைக்குப் பின் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களினூடே நெடுநேரம் நடந்தேன். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பள்ளி இது. தூண்களும் போதிகைகளும் பாண்டிநாட்டுக் கோயில் மண்டபங்களின் மரபு. ஆயினும் உயிருருவம் ஏதுமில்லை. பூவும் கொடியுமே உண்டு. நாட்டின் உளியும் தீனின் வரம்பும் ஒரே கல்லில் இணங்கியிருக்கின்றன.

புதிய பள்ளிவாசல்களிலோ கான்கிரீட் குப்பாக்களும் உயர்ந்த மினாராக்களும். 1970களுக்குப் பின் வளைகுடா சென்று உழைத்தவர்களின் வியர்வையும், அவர்கள் கண்குளிரக் கண்ட ஹரம் ஷரீபின் நினைவும் அவற்றில் கலந்துள்ளன. குறைகூற எனக்கு மனமில்லை. ஒரு சமுதாயம் எங்கே பிழைக்கச் செல்கிறதோ, அதன் கட்டடமும் அத்திசையையே நோக்குகிறது.

என்னை வருத்தியது வேறு. நான் தங்கிய வீட்டு மூதாட்டி, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத்தமிழ்க் கிதாபைச் சரளமாக ஓதினார். குர்ஆன் ஓதத் தெரிந்த பேரனோ அதனை வாசிக்க இயலாது திகைத்தான். அரபியில் இல்லாத ட, ண, ள முதலிய ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துகள் சிலவே. அவற்றைக் கற்பிப்பார் இல்லை. 15 ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நானும் கற்பித்ததில்லை.

ஊர் திரும்பியதும், வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அவ்வெழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கியுள்ளேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிதாபு இருக்கலாம். ஓதிக்காட்டப் பாட்டிமார் இருக்கும்போதே அதனை இறக்குங்கள்.