கப்பல் நின்ற ஒரு பகல்

கப்பல் பயணம் என்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள்தாம் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். 1926-இல் கடலில் இறக்கப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நம்மவர்களை ஏற்றி இறக்கியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்தாம் அதில் பெரும்பாலோர். பின்னால் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகி நின்றுபோனது.

இப்போது அதே கடல் வழியில் உல்லாசக் கப்பல்கள் ஓடுகின்றன. போன பள்ளி விடுமுறையில் பினாங்கில் ஏறி நாங்கள் ஐந்து பேர் அப்படி ஒரு கப்பலில் போனோம். நான், என் கணவர், மாமியார், மகள், மகன். மகள் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்த பணத்தில் எடுத்துக் கொடுத்த டிக்கெட். கப்பலுக்குள் இருக்கும் ஆடம்பரங்களை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் சிங்கப்பூரில் நின்ற அந்த ஒரு பகலைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

இந்த மாதிரிக் கப்பல்களில் துறைமுகத்தில் இறங்கும் நாளுக்கென்று தனியாகச் சுற்றுலா விற்கிறார்கள். கப்பலின் தொலைக்காட்சியில் அலாஸ்காவைக் காட்டினார்கள். ஜூனோ என்ற ஊரில் கப்பல் சில மணி நேரம் நிற்குமாம். அதற்குள் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டுபோய், மலைகளுக்கு நடுவே ஆறு போல உறைந்து கிடக்கும் பனிப்பாறையின்மேல் இறக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பார்த்த நிமிடத்திலிருந்து, "நாமும் மேலே ஏதாவது ஒன்றில் போக வேண்டும்" என்று பிடித்த பிடியை விடவில்லை.

சிங்கப்பூரில் பனிக்கு எங்கே போவது? ஆனால் துறைமுகத்துக்கு மேலேயே கேபிள் கார் இருக்கிறது. 1974 பிப்ரவரியில் திறந்தது. மவுண்ட் ஃபேபர் குன்றிலிருந்து துறைமுகத்தைத் தாண்டிச் செந்தோசாத் தீவுக்குக் கம்பியில் தொங்கியபடி போகும். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் பணம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 சொச்சம். ஓர் ஆளுக்கான டிக்கெட்டே அந்த ஒருநாள் கூலியைத் தாண்டிவிடுகிறது. ஐந்து பேருக்கு என்றால்? கணவர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார்.

மாமியார் வேறு காரணம் சொன்னார். "எண்பத்து மூணுல பொட்டி கடல்ல விழுந்துச்சே, அந்த வண்டிதானே? எனக்கு வேணாம்ப்பா. காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும்."

அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கெடாவில் ஒரே தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். லயத்தில் வானொலியில் கேட்ட அந்தச் செய்தியை அவர் மறக்கவில்லை. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். 1983 ஜனவரி 29, சனிக்கிழமை மாலை. எண்ணெய்க் கிணறு தோண்டும் 'எனிவெட்டோக்' என்ற கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது, அதன் உயரமான இரும்புக் கோபுரம் மேலே இருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். வேறு நான்கு பெட்டிகளில் பதின்மூன்று பேர் நடுவானில் சிக்கிக்கொண்டார்கள். இரவில், காற்றில், ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் வீரர்களை இறக்கி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஹெலிகாப்டர் கிட்டே வந்தால் அதன் காற்றே பெட்டியை ஆட்டிக் கவிழ்த்துவிடலாம் என்ற ஆபத்தும் இருந்தது. விடிவதற்குள் பதின்மூன்று பேரும் உயிரோடு தரைக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் உண்டு. அதற்குப் பிறகுதான் அந்த வழியே போகும் கப்பல்களின் உயரத்துக்குக் கண்டிப்பான வரம்பு வைத்தார்கள்.

இதைக் கேட்ட மகனுக்கு ஆசை இரண்டு மடங்காயிற்று. பாட்டிக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று! காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் கப்பல் கட்டியது. மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டும். நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவைக்கிறேன். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அதற்குக் காசு இல்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால் சுருக்குப் பையைச் சோதித்துவிடுங்கள். மெல்லும் புகையிலை அங்கே தடை. என் மாமியாரின் பொட்டலம் கப்பல் அறையிலேயே தங்கிவிட்டது. அன்று முழுக்க அவருக்கு அது ஒரு குறைதான்.

முனையத்திலிருந்து நடந்தாலே ரயில். நான்கு நிறுத்தம் தாண்டி ஐந்தாவதாக லிட்டில் இந்தியா. மேலே வந்தால் தேக்கா. தேக்கு மரத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலின் அடி என்று பொருளாம். மலாயில் இந்த இடத்துக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். மாட்டு வியாபாரம் நடந்த இடம். எருமைகளைக் காணோம், பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் மட்டும் மிச்சம். பூக்கடையில் முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். பசியாறிவிட்டுத் தேக்கா சந்தைப் பக்கம் வந்து, மாமியாருக்குக் கால் வலிக்கவே ஒரு திண்ணையில் உட்காரவைத்தோம்.

பக்கத்தில் ஒரு பையன். முப்பது வயது இருக்கலாம். கட்டுமான வேலைக்காரன் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. மாமியார் சும்மா இருப்பாரா?

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டைப் பக்கம் பாட்டி."

"எங்கப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம்யா!" என்று அவர் சொன்னதும் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடிவிட்டது. வந்து ஏழு வருடம், இடையில் இரண்டே தடவைதான் ஊருக்குப் போனானாம். தங்கச்சி கல்யாணக் கடன் இப்போதுதான் தீர்ந்ததாம். பேச்சு எப்படியோ 2020-க்குப் போனது. கொரோனா வந்து அந்த ஏப்ரலில் ஊழியர் விடுதிகளை மூடிவிட்டார்கள் அல்லவா? சிங்கப்பூரில் அந்த விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,20,000 பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த ஆண்டுக்குள் தொற்று வந்துவிட்டது என்று அரசாங்கமே பின்னால் அறிவித்தது. ஒரு பெரிய அறையில் பத்துப் பன்னிரண்டு பேராக அடைந்து கிடந்தோம் என்றான். சம்பளம் வந்தது, சாப்பாடு பொட்டலமாக வந்தது, யாரும் எங்களை அடிக்கவில்லை, உதைக்கவில்லை என்று நியாயமாகத்தான் சொன்னான்.

"எத்தனை நாளுய்யா?"

"நாலு மாசத்துக்கு மேல பாட்டி. அம்மாகிட்ட மட்டும் சும்மா லீவுன்னு சொல்லிவச்சேன்."

மாமியார் பையிலிருந்த முறுக்கு டப்பாவை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அவன் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்களிடம் கேட்டார்: "எங்கப்பாவ அடைச்சு வச்ச தீவு இங்கதானே எங்கயோ இருக்கு? அது அந்தக் கேபிள் வண்டியில போனாத் தெரியுமா?"

எங்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. அவருடைய தகப்பனார் 1937-இல் ஜொகூர்த் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்தவர். அதற்கு அடுத்த ஆண்டே, 1938-இல், தோட்டக் கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. கப்பலில் யாருக்கோ காய்ச்சல் கண்டதால் சிங்கப்பூருக்குள் விடாமல் செயின்ட் ஜான்ஸ் தீவில் எல்லோரையும் இறக்கிவிட்டார்களாம். 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியதும், மறு ஆண்டே அந்தத் தீவில் நோய்த்தடுப்பு முகாம் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் டெக்கில் வந்தவர்களை அங்கே நிறுத்திச் சோதிப்பார்கள். துணியை வாங்கி ஆவியில் போட்டு, ஆட்களை மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, ஒரு வாரத்துக்கு மேல் உட்காரவைத்தார்கள் என்று அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து வாடையைச் சாகிறவரை மறக்கவில்லையாம்.

உடனே முடிவாயிற்று. மூன்று டிக்கெட் மட்டும் எடுப்பது. மாமியார், மகன், துணைக்கு நான். கணவரும் மகளும் நடந்தே குன்றுக்கு ஏறுவது. ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து மராங் பாதை என்று ஒரு காட்டுப் படிக்கட்டு வழி மவுண்ட் ஃபேபர் வரைக்கும் போகிறது. எண்ணூறு மீட்டர் தூரம். காசு கிடையாது, வியர்வைதான் விலை. கால் திடமாக உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

கேபிள் பெட்டியில் ஏறும்போது மாமியார் என் கையை நசுக்கிவிட்டார். கதவு மூடியதும் முருகனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், பிறகு பயத்தைக் காணோம். மரங்களுக்கு மேலே பெட்டி போகும்போது, "நம்ம தோட்டத்த இப்படி மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும்?" என்று மகனைக் கேட்டார். நிரைகூட ஒழுங்காகத் தெரியும் பாட்டி என்றான் அவன். எந்த மரத்தில் பால் சொட்டவில்லை என்று கிராணிக்கு நன்றாகத் தெரிந்துபோகும் என்று சொல்லிச் சிரித்தார்.

குன்றின்மேல் கணவரும் மகளும் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார்கள். அங்கே தெற்கே பார்த்தால் கீழே துறைமுகம், அதற்கப்பால் செந்தோசா, அதற்கும் அப்பால் கடல். வேலை செய்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெரியவரைக் கேட்டோம். செந்தோசாவைத் தாண்டி இடது கைப் பக்கமாகக் காட்டினார். அன்றைக்கு மூட்டமாக இருந்தது. நீலமாக ஏதோ மேடு தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. மகன் கைப்பேசியில் படம் எடுத்தான். படத்தில் ஒன்றும் விழவில்லை.

மாமியார் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராத்திரியானா இங்க எரியிற வெளக்கெல்லாம் தெரியுமாம் எங்கப்பாவுக்கு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். எப்ப விடுவாங்க, எப்ப விடுவாங்கன்னு" என்றார். பிறகு, "அந்தத் தம்பி இருந்த ரூம்புல சன்னலாவது இருந்துச்சோ என்னமோ, கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

இறங்கும்போது அதே டிக்கெட்டில் துறைமுகத்துக்கு மேலே செந்தோசா வரை போய்த் திரும்பினோம். 1983-இல் பெட்டிகள் விழுந்த தண்ணீருக்கு நேர் மேலே போகும்போது மாமியார் கண்ணை மூடவில்லை. கீழே எங்கள் கப்பல் வெள்ளையாக நின்றது. மகன் நம் அறை எது என்று எண்ணிக்கொண்டிருந்தான். செந்தோசாவில் காசு வாங்கும் இடங்கள் ஏராளம். எதற்குள்ளும் நாங்கள் போகவில்லை. நேரமும் இல்லை, பையில் அவ்வளவு வெள்ளியும் இல்லை. மணி நாலுக்கெல்லாம் கப்பலில் ஏறிவிட்டோம்.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து படகு இருக்கிறது. கடல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. பக்கத்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போகப் பாதையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் போய் வர அரை நாளாவது வேண்டும். கப்பல் நிற்கும் பகலில் கோயிலையும் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஜொகூர் பாருவில் என் நாத்தனார் இருக்கிறாள். அங்கிருந்து பேருந்தில் பாலத்தைத் தாண்டிப் போனால் கப்பல் டிக்கெட்டே தேவையில்லை என்று மாமியார் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். படகுக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று விசாரித்து வைக்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறார்.