கணக்கில் ஏறாத தட்டல்

“ஆறு தடவை ஃபைனல்ஸ், ஆறு தடவையும் கோப்பை. இதுக்கு மேல என்னண்ணா பேச்சு?” என்பான் தம்பி. கூடைப்பந்தில் ஆகப் பெரியவர் யார் என்ற பேச்சு வந்தால், அவனுக்கு மைக்கேல் ஜோர்டன்தான் எல்லாம். அவன் மகன் விடமாட்டான். “லெப்ரான் நாற்பதாயிரம் பாயிண்ட் தாண்டிட்டார் பெரியப்பா. வேற யாராவது தாண்டியிருக்காங்களா?”

நானும் நெடுநாள் ஜோர்டன் கட்சிதான். 1998 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் யூட்டா அணியின் கார்ல் மலோனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, மறுமுனைக்குப் போய் 87–86 என்று முடித்துவைத்தாரே, அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

பில் ரஸ்ஸலின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தபிறகு மனசு மாறிவிட்டது. எதிரணிக்காரர் கூடையை நோக்கி எழும்புகிறார். ரஸ்ஸல் ஒரு கணம் பொறுத்து எழும்பி, இடக்கை விரல் நுனியால் பந்தைத் தொடுகிறார். பந்து அவருடைய அணிக்காரர் கையில் போய் விழுகிறது. அடுத்த நொடி அவருடைய பாஸ்டன் செல்டிக்ஸ் அணி மொத்தமும் எதிர்க்கூடையை நோக்கி ஓடுகிறது. ஓங்கி அறைந்து பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பியிருந்தால் கைதட்டல் பலமாகக் கிடைத்திருக்கும். ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போயிருக்கும்.

ரஸ்ஸலுக்கு 13 சீசன்களில் 11 கோப்பைகள். கடைசி இரண்டின்போது பயிற்சியாளரும் அவரேதான். ஆனால் அவர் எத்தனை பிளாக் செய்தார், அதாவது கூடைக்குப் போகும் பந்தை எத்தனை முறை தட்டித் தடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பிளாக்குகளை எண்ணத் தொடங்கியதே 1973–74 சீசனில்தான். அவர் ஓய்வுபெற்றது 1969இல்.

“அப்போ எட்டு, ஒன்பது டீம்தானே பெரியப்பா?” என்று மடக்குவான் பையன். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றில் வில்ட் சேம்பர்லின் இருந்தார். 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். அந்த சீசனில் அவருடைய சராசரியே ஐம்பதுக்கு மேல். அப்போதெல்லாம் சிறந்த வீரரை ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டு அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை. எதிரே நின்று ஆடித் தோற்றவர்களின் அந்தத் தீர்ப்பைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. தன்னோடு ஆடுகிறவர்களை ஜெயிக்க வைப்பவர்தான் ஆகப் பெரியவர் என்றால், எனக்கு அது ரஸ்ஸல்தான்.

போன மாதம் பையனின் பள்ளி ஆட்டம். எதிரணி எறிந்த பந்தை எம்பித் தட்டினான். அது வெளியே போகாமல் கூட்டாளியின் கையில் விழுந்தது; அந்தக் கூட்டாளி ஓடிப்போய்க் கூடை போட்டான். கைதட்டல் அவனுக்கு. மேசையில் இருந்தவர் இரண்டு புள்ளிகளை அவன் கணக்கில் எழுதினார். பிளாக்குக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.